ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம்

செப்டம்பர் 27, 2024, வெள்ளி இரவு. வி.கோட்டா

வேலூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து கிழக்கே பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதைத் தாண்டினால் செல்போன் டவர், அதையும் தாண்டினால் மலை. இந்தக் கிழக்கை வைத்துக்கொண்டு வால்மீன் எடுக்க முடியாது என்று தெரிந்ததும் மச்சானைக் கூப்பிட்டேன். அவனிடம் கார் இருக்கிறது. காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடும் பையன் என்பதால் நேரமும் இருக்கிறது.

குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாக மலையேறி, பொழுது சாயும் நேரத்தில் ஆந்திர எல்லையைத் தாண்டினோம். பேரணாம்பட்டைத் தாண்டும் வரை தோல் பதனிடும் வாடை. மலைப்பாதையில் எதிரே தக்காளி லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. வி.கோட்டாவில் பெரியம்மா வீடு. இந்த ஊரில் பாதிப்பேர் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை சித்தூரும் வேலூரும் ஒரே வடஆற்காடுதான். இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அந்த எல்லை தெரியாது.

எதற்கு இத்தனை அலைச்சல் என்று பெரியம்மா கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். வால்மீனின் பெயர் சுச்சின்ஷான்-அட்லஸ். 2023 ஜனவரியில் சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் வானாய்வகம் இதைப் பதிவு செய்தது. அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி தனியாகக் கண்டுபிடித்தது. அதனால் இரட்டைப் பெயர். இன்றைக்குத்தான் சூரியனை மிக நெருங்கியிருக்கிறது, சுமார் 5.85 கோடி கிலோமீட்டர். புதன் சுற்றிவரும் தூரம் அது. கிட்டே போவதற்குள் உதிர்ந்துவிடும் என்று வால்மீன் ஆய்வில் பழம் தின்று கொட்டை போட்ட செக்கனினா ஜூலையில் எழுதியிருந்தார். உதிரவில்லை.

ஆனால் சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதை இரவில் தேடிப் பயனில்லை. விடிவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் உதிக்கும். பின்னாலேயே வெளுப்பும் ஏறும். ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்தாலும் நமக்கு உள்ளது அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். மூன்று மணிக்கு அலாரம்.

செப்டம்பர் 28, சனி. வி.கோட்டா

ஊருக்கு வெளியே ஏரிக்கரை. தண்ணீர் பாதிதான் இருந்தது, கரை நல்ல உயரம். கிழக்கே வயல், அதற்கப்பால் பனை வரிசை, அதற்கும் பின்னால் ஒரு குன்று.

இந்தப் பயணத்தின் கணக்கே விரல்கணக்குதான். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் ஒரு டிகிரி. நடுவிலுள்ள மூன்று விரலும் சேர்ந்தால் ஐந்து. முஷ்டி பத்து. பூமி ஒரு டிகிரி திரும்ப நாலு நிமிஷம். ஆக, அடிவானத்தில் ஒரு சுண்டுவிரல் உயரத்துக்கு எது மறைத்தாலும் நமக்கு நாலு நிமிஷம் நஷ்டம். அந்தக் குன்று நாலு சுண்டுவிரல் இருந்தது. பதினாறு நிமிஷம் அதிலேயே போச்சு. குன்றின் தலையில் மேகம் வேறு தலையணை போட்டுப் படுத்திருந்தது.

டார்ச்சோடு ரெண்டு பேர் கரைமேல் வந்தார்கள். காவல் இருக்கிற விவசாயிகள். முதலில் தெலுங்கில் அதட்டல், மச்சான் தமிழில் பதில் சொன்னதும் தமிழிலேயே அதட்டல்.

"யாருப்பா, இந்நேரத்துல? நேத்து ராத்திரி ஆனை இந்தக் கரையிலதான் போச்சு. அந்தச் செவப்பு லைட்ட அணச்சிட்டுக் காருக்குள்ள ஒக்காருங்க."

பலமனேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயம். எண்பதுகளில் ஓசூர்க் காடுகளிலிருந்து வந்து தங்கிவிட்ட யானைகளின் வம்சம் இங்கே உலவுகிறது. தக்காளியும் கரும்பும் போட்டவர்களுக்குத் தூக்கம் கிடையாது. பட்டாசுப் பையை இடுப்பில் கட்டியிருந்த அந்த ஆள் கிளம்பும்போது, "தோகச்சுக்க வந்தா எனக்கும் சொல்லு" என்றார். தெலுங்கில் வால்மீனுக்கு அதுதான் பெயர். வரவில்லை. ஐந்தரைக்கு மூட்டை கட்டினோம்.

இன்று புரட்டாசிச் சனி. வீட்டில் தளிகை. மாவிளக்கும் சுண்டலும் ஆகி, தெருவில் பையன்கள் சொம்போடு கோவிந்தா போட்டு அரிசி வாங்கிப் போனபின் பெரியப்பா திண்ணைக்கு வந்தார். கேமரா பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நைனா, நான் அஞ்சாவது படிக்கிறப்ப ஒண்ணு வந்துச்சு. பாகிஸ்தான் சண்ட நின்னு ஒரு மாசம் இருக்கும். விடிய நாலு மணிக்கு எங்கப்பா எழுப்பிக் காட்டுனாரு. கெழக்கால வெள்ள வாலு, இம்மாம் நீளம். மறுவருசம் பொறந்ததும் சாஸ்திரி செத்துட்டாரு. ஊரெல்லாம் அதத்தான் சொல்லிச்சு."

அது 1965-ன் இக்கேயா-செக்கி. சந்தேகமே இல்லை, மாதமும் திசையும் பொருந்துகின்றன. அக்டோபர் 21 அன்று சூரியனின் மேற்பரப்பிலிருந்து சுமார் நாலரை லட்சம் கிலோமீட்டரில் உரசிக்கொண்டு போனது. கண்டுபிடித்த இருவருமே தொழில்முறை வானியலாளர் கிடையாது. இக்கேயா பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், செக்கி கிட்டார் வாத்தியார். ஒரே விடியற்காலையில் சில நிமிட இடைவெளியில் தனித்தனியாகப் பார்த்தார்கள். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "கிட்டார் வாத்தியாரா" என்று மட்டும் கேட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். சாஸ்திரி விஷயத்தை அவர் விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் மச்சானும் கிழக்கு தேடிப் போனோம். பலமனேரைத் தாண்டிச் சித்தூர் சாலையில் மொகிலி கணவாய். மைசூர்ப் பீடபூமி இங்கேதான் முடிகிறது. பலமனேருக்கும் சித்தூருக்கும் உயரத்தில் 300 மீட்டருக்கு மேல் வித்தியாசம். இறக்கத்தின் தலையில் நின்றால் முன்னால் தடுப்பு என்று எதுவும் கிடையாது, சித்தூர்ச் சமவெளி கீழே விரிந்து கிடக்கிறது. தூரத்தில் சின்னச் சின்னக் குன்றுகள். அளந்தேன். ஒரு விரல்கூட வரவில்லை. சாலையை விட்டு உள்ளே ஒரு மாமரத் தோப்பு, அதன் ஓரத்தில் பாறை. தோப்புக்காரரிடம் கேட்டோம். கேட்டைப் பூட்டாமல் வைப்பதாகச் சொன்னார். காய்ப்பு முடிந்த தோப்பு என்பதால் அவருக்குக் கவலையில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு. மொகிலி கணவாய்

பார்த்தாச்சு.

நாலரைக்கே பாறைமேல் டிரைபாட் நிறுத்திவிட்டோம். காற்று நன்றாக வீசியது. அதனால் நடுக்காலில் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டேன். என்னிடம் இருப்பது பழைய கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, 135 மி.மீ. லென்ஸ். நிலைத்து நிற்கும் டிரைபாட்தான், வானத்தைத் தொடரும் டிராக்கர் கிடையாது. செங்குத்தாகத் திருப்பினால் உயரவாக்கில் பத்து டிகிரி வானம் சட்டத்துக்குள் வரும். இது போதும். டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் தலையை மட்டும் எடுப்பார்கள், எனக்கு வால் வேண்டும்.

முதல் வேலை ஃபோகஸ். மகம் நட்சத்திரம் மேலே நன்றாக ஏறியிருந்தது. லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கினால் அது முதலில் ஒரு வட்டத் தட்டாக நிற்கும். வளையத்தை மயிரிழை திருப்பத் திருப்பத் தட்டு சுருங்கும். சுருங்கிப் புள்ளியாகி, இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி விரியும். அந்த ரெண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் வளையத்தின்மேல் பேப்பர் டேப் ஒட்டினேன். இன்ஃபினிட்டி குறியை நம்பக்கூடாது. என் லென்ஸில் சரியான இடம் குறிக்குக் கொஞ்சம் முன்னாலேயே இருக்கிறது.

அப்புறம் காத்திருப்பு. லாரி ஒவ்வொன்றும் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வரும்போது ஹெட்லைட் மாமர இலைகளைத் துடைத்துவிட்டுப் போகும். 4:50-க்கு ஒரு படம் எடுத்தேன், ஒன்றுமில்லை. 4:56-க்கு எடுத்ததில் சட்டத்தின் கீழ் ஓரத்தில், நேர்கிழக்குக்குச் சற்றே தெற்கில், மங்கலாக ஒரு கீற்று. வால்தான் முதலில் வந்தது. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வது. சூரியன் கீழே இருப்பதால் நமக்கு அது மேல்நோக்கி, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. தலை வெளியே வர இன்னும் சில நிமிஷம் ஆனது.

"மாமா, வந்துடுச்சு! பைனாகுலர்ல தெரியுது!" என்று மச்சான் கத்திய கத்தலில் தோப்பு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

10x50 பைனாகுலரில் வாங்கிப் பார்த்தேன். தலை கெட்டியாக, லேசான மஞ்சளில். அதன்மேல் வால் விசிறிபோல் அகலாமல் நேராக எழுந்து, மேலே போகப்போகக் கரைந்தது. இருந்த இடம் தெரிந்தபின் வெறும் கண்ணாலும் ஒரு கறைபோலத் தெரிந்தது. தெரியாமல் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

இங்கேதான் கையும் மூளையும் ஓட வேண்டும். தாழ்வாக இருக்கும்போது வானம் இருட்டு, ஆனால் தடித்த காற்றும் தூசியும் வழியாகப் பார்க்கிறோம். உயர உயர காற்று சுத்தமாகிறது, ஆனால் விடிகிறது. வால்மீன் ஏறும் அதே வேகத்தில் சூரியனும் ஏறுவதால் இந்த ரெண்டையும் பேரம் பேச முடியாது. நடுவில் ஒரு பத்துப் பதினைந்து நிமிஷம் இரண்டும் சகிக்கும்படி இருக்கும். மொத்தப் படமும் அதற்குள்தான். ஆரம்பத்தில் லென்ஸ் திறப்பு எஃப் 2.8, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் ஒன்றரை செகண்ட். ரெண்டு செகண்டைத் தாண்டினால் 135-ல் நட்சத்திரம் கோடாகிவிடும். வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நகர்வும் அதிகம். 5:15-க்கு ஐஎஸ்ஓ 800, ஒரு செகண்ட். 5:25-க்கு 400, அரை செகண்ட். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் முட்டாமல் பார்த்துக்கொண்டே குறைத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் ரா, அதாவது கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பு. நிறைய எடுத்துவைத்தால் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புள்ளிப்புள்ளியாக வரும் நாய்ஸைக் குறைக்கலாம்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு லாரி டிரைவர் வந்து நின்றார். ஆம்பூர்க்காரர், தக்காளி லோடு. கேமராத் திரையைக் காட்டினேன். "இது நெட்ல எடுத்ததுதானே" என்றார். பைனாகுலரைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். போன் எடுத்து யாரையோ எழுப்பி, மாடிக்குப் போய்க் கிழக்கே பார்க்கச் சொன்னார். அந்த முனையில் என்ன திட்டு விழுந்ததோ, சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

5:32-க்குப் பின் எந்தப் படத்திலும் இல்லை.

செப்டம்பர் 30, திங்கள். வழியில்

காலை பாறையில் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் மாமரமே தெரியவில்லை. மகத்துக்குக் கீழே தேய்பிறைக் கீற்று நின்றிருக்க வேண்டும், அதுவும் இல்லை. அப்படியே கணவாய் இறங்கிவிட்டோம். சித்தூரில் இட்லி.

வண்டியில் மச்சானுக்குப் போக்ஸன் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். நம் பக்கத்து வால்மீன் கதைகளில் இதற்கு ஈடில்லை. பியலா என்ற வால்மீன் 19-ம் நூற்றாண்டில் இரண்டாக உடைந்து, பிறகு காணாமலே போனது. 1872 நவம்பர் 27 அன்று அது இருந்திருக்க வேண்டிய பாதையிலிருந்து எரிகற்கள் மழையாகக் கொட்டின. அதைப் பார்த்த ஜெர்மானிய வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் சென்னைக்குத் தந்தி அடித்தார். பியலா 27-ம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா செண்டாரி நட்சத்திரத்தின் பக்கம் தேடு என்பது செய்தி. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் அப்போது தலைவர் நார்மன் போக்ஸன். டிசம்பர் மாதச் சென்னை, வானம் மூடிக்கிடக்கிறது. டிசம்பர் 2 விடியற்காலை மேகம் விலகியது. சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வால்மீன்! மறுநாளும் பார்த்தார், வாலும் தெரிந்தது. அத்தோடு மேகம் மூடியது. பாதையைக் கணக்கிட மூன்று நாள் அளவு வேண்டும், அவரிடம் இருந்தது இரண்டு. அது பியலா அல்ல என்று பிற்பாடு தெரிந்தது. எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"இன்னும் ஒரு நாள் கெடச்சிருந்தா?" என்றான் மச்சான்.

ஒரு நாள்கூட வேண்டாம், ஒரு கால் மணி நேரம் மேகம் விலகியிருந்தால் போதும். நேற்றுப் பாறையில் நின்றவனுக்கு இது கதையாகவே படவில்லை.

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட வந்தவர்கள் ஆட்டோ ஆட்டோவாகப் போனார்கள், பாதிப் பலகையில் தமிழ் எழுத்து. தெற்கே நகரி மூக்கு. ஒரு காலத்தில் கடலில் வரும் கப்பல்காரர்களுக்கு அடையாளமாக இருந்த மலைமுகம். நாகலாபுரத்தில் வேதநாராயணர் கோயிலில் அரைமணி நேரம் நின்றோம். மேற்குப் பார்த்த கோயில். மார்ச் மாதத்தில் சாயங்காலச் சூரியன் கோபுர வாசல் வழியாக உள்ளே வந்து, முதல் நாள் மூலவர் பாதத்திலும் மறுநாள் நாபியிலும் மூன்றாம் நாள் சிரசிலும் விழும். அடிவானத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டால்தான் இந்த விளையாட்டு நடக்கும். கட்டியவர்களுக்கு விரல்கணக்கு தெரிந்திருக்கிறது.

சத்தியவேடு வழியாகத் தடா. 1960-ல் எல்லைப் பரிமாற்றத்தில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. டீக்கடையில் இன்னும் தமிழ்தான். இரவு ஆரம்பாக்கத்தில் லாட்ஜ். கொசு.

அக்டோபர் 1, செவ்வாய். பழவேற்காடு ஏரி, தடா பக்கம்

பீமுனிவாரிபாளையம் படகுத்துறை. எதிர்க்கரை ஸ்ரீஹரிகோட்டா தீவு என்பதால், இப்படி லென்ஸ் வைத்து நிற்கப்போகிறோம் என்று நேற்றே உள்ளூரில் உரியவர்களிடம் சொல்லி வைத்திருந்தோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இதைவிடத் தட்டையான கிழக்கு கிடையாது. தண்ணீர், அதன் முடிவில் மெல்லிய மரக்கோடு, அவ்வளவுதான். வடகிழக்கே ஏவுதளப் பக்கம் வெளிச்சத் திட்டு. ஆனால் மொகிலியில் 4:56-க்குத் தெரிந்த வால் இங்கே 5:05 வரை தெரியவில்லை. ஏரியின் ஈரக்காற்று கீழ் ஐந்து டிகிரியையும் விழுங்கிவிட்டது. உயரத்திலிருந்து பார்க்கும் ஒரு விரல் குன்றே மேல், கடல்மட்டத்து முழு அடிவானத்தைவிட. இதை எந்த ஆப்பும் சொல்லாது.

லென்ஸ் முகப்பில் பனித்துளி வேறு படிந்துகொண்டே இருந்தது. மச்சான் தன் சட்டைக்குள் சூடாக வைத்திருந்த துணியை லென்ஸ் குழலைச் சுற்றிக் கட்டினான், ஓரளவு நின்றது.

5:12-க்குத் தலை தெரிந்தது, செம்மண் நிறத்தில். இடப்பக்கம் அமாவாசைக்கு முந்தின மெல்லிய பிறை, அதன் இருண்ட பாதியும் மங்கலாகத் தெரிந்தது. 135-க்குள் ரெண்டும் அடங்கவில்லை. 50 மி.மீ. மாட்டினேன். கரையில் ஏழெட்டுப் படகுகள் கிடந்தன. ஒன்றில் வலையை உதறிக்கொண்டிருந்த அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு நிமிஷம் ஆடாம நிக்கிறீங்களா?"

"நான் ஏன்பா நிக்கணும், நீதான் படம் எடுக்குற" என்றார். ஆனால் நின்றார். கையில் வலை, தலைமேல் வால்மீன், இடப்பக்கம் பிறை. வந்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான். தொழில்நுட்பமாகப் பார்த்தால் மொகிலிப் படங்கள் எவ்வளவோ மேல். வால் அதில் ஆறு டிகிரிக்கு வருகிறது, இதில் இரண்டுகூட இல்லை.

அவருக்குப் பைனாகுலர் கொடுத்தோம். பார்த்துவிட்டு, "ஒரு வாரமா இருக்குதே இது" என்றார். விடியற்காலைக் கடலுக்கும் ஏரிக்கும் போகிறவர்கள் யாரையும் கேட்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒரு வாரம் என்பது கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். நான் வாதாடவில்லை.

அக்டோபர் 2, புதன். வேலூர்

மகாளய அமாவாசை. காலையில் அப்பாவுக்குத் தர்ப்பணம். அதற்காகத்தான் நேற்றே திரும்பினோம். மத்தியானம் லேப்டாப். மொகிலியில் 5:08-லிருந்து 5:20 வரை எடுத்தவற்றில் லாரி வெளிச்சம் பட்டதையும் காற்றில் ஆடியதையும் கழித்துவிட்டு அடுக்கினேன். நட்சத்திரங்களை வைத்து அடுக்கும்போது கீழே குன்று இழுபட்டுப் போகும். அதனால் குன்றுக்கு மட்டும் ஒற்றைப் படம். வாலைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் வானம் நீலச் சாயம் போட்டது மாதிரி ஆகிவிடுகிறது. பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். நான் நிறத்தைத் தொடவில்லை. அது இருந்தது சாம்பல் கலந்த மஞ்சளில்தான்.

பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு, கீழே "வாலு சின்னது" என்று குரல்பதிவு.

இனி சில நாளில் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும். 12-ம் தேதி பூமிக்கு மிக அருகில், சுமார் 7 கோடி கிலோமீட்டரில் வரும்போது பக்கம் மாறி சாயங்கால மேற்கு வானத்துக்கு வரும். 17-ம் தேதி பௌர்ணமி என்பதால் முதல் சில நாளுக்கப்புறம் நிலா தொல்லை. ஐப்பசி மழை வேறு. வேலூரின் மேற்கும் கிழக்குக்குச் சளைத்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையே வழிவிட்டிருக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய்தான். கொழிஞ்சாம்பாறையில் சித்தப்பா மகன் இருக்கிறான், அங்கேயும் பேச்சு தமிழ்தான். வீட்டு மாடியில் நின்று மேற்கே தென்னந்தோப்பு எத்தனை விரல் என்று பார்க்கச் சொன்னேன். ஏழு விரலாம். பக்கத்தில் பனை நிற்காத வயலாக ஒன்று பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.